பிய்ந்த சிறகு

காலையில் அலுவலகம் வந்ததும் ஜெசிந்தாவுக்கு முதல் வேலை தேனீப் படங்களைப் பார்ப்பது. நிஜத் தேனீக்கள் அற்றுப்போன காலம் அது. பூசணி காய்ப்பதே வாடகைக்கு வரும் பொறித்தேனீக்களின் புண்ணியத்தில்தான். அவற்றில் ஒன்று பழுதாகிப் பூவிலேயே கிடந்தால் விவசாயி படம் எடுத்து அனுப்புவார். அது உயிருள்ள பூச்சியல்ல, பொறிதான் என்று அலுவலகம் சொல்லிவிட்டால், மீட்பு வண்டி போய் அங்கேயே நசுக்கி அள்ளிக்கொண்டு வரும்.

அத்தனை சிறிய உருவத்தை ஒரே படத்தில் முழுக்கத் தெளிவாகப் பிடிக்க முடியாது. கண் தெளிந்தால் வால் மங்கும். அதனால் கேமரா முன்னிருந்து பின்வரை பல படங்கள் எடுக்கும். மென்பொருள் அவற்றின் தெளிந்த பகுதிகளை மட்டும் அடுக்கி ஒரே படமாக்கும். இரண்டு அடுக்கு மென்பொருள்கள் அப்போது போட்டியில் இருந்தன. ‘தெளிவி’ எதையும் துடைத்துவைத்த மாதிரி தரும். ‘உள்ளபடி’ ஒரு முரடு. பூச்சி அசைந்திருந்தால் உணர்கொம்பு இரண்டு மூன்றாகத் தெரியும், அதை ஒளிக்கவும் அதற்குத் தெரியாது. எது வெல்கிறதோ அதுவே இனி மனிதக் கண்ணின் உதவியில்லாமல் மாநிலம் முழுவதும் தீர்ப்புச் சொல்லும். அதுவரை, இரண்டும் முரண்பட்டால் ஜெசிந்தா சொல்வதே முடிவு.

அன்று முரண்பட்டது ஒரே ஒரு படம். மேல்பாறையிலிருந்து அனுப்பியவன் அவளுடைய தம்பி அருளப்பன்.

தெளிவியில் அது புத்தம்புதுப் பொறி. உள்ளபடியிலோ சிறகின் ஓரம் பழைய புடவை முந்தானைபோல் நைந்து பிய்ந்திருந்தது. பொறியின் சிறகு உடையும், நையாது. அடுக்குவதற்கு முன்பிருந்த மூலப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். வயிறு புடைத்தது, சுருங்கியது, மறுபடி புடைத்தது. தெளிவி தனக்குப் பழகிப்போன பொறிச்சிறகை வைத்துப் பிய்ந்த இடத்துக்கு ஒட்டுப் போட்டிருந்தது.

துள்ளிக் குதிக்க வேண்டிய செய்தி. ஆனால் அவளுக்குப் பகீரென்றது. காட்டுத் தேனீ உண்டென்று உறுதியானால் அந்தச் சரிவு முழுவதும் காப்பிடம். மனிதர்கள் வெளியேறிவிட வேண்டும். ஏற்கெனவே ஒரு வண்டுக்காகக் கீழ்ப்பாறையைக் காலிசெய்துவிட்டு வந்தவன் அருளப்பன். உடனே அவனைக் கூப்பிட்டாள்.

“அந்தத் தேனீ என்னடா பண்ணுது?”

“சும்மாதான் கிடக்குக்கா. முதுகு பூரா மகரந்தம், நம்பரே தெரியல. பேட்டரி போயிருக்கும். சீக்கிரம் ஆள் அனுப்பச் சொல்லு, இப்பதான் முதல் பிஞ்சு விட்டிருக்கு.”

பிஞ்சு என்று சொன்னபோது அவன் குரலில் இருந்த பூரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. ‘பொறி’ என்று பதிந்தாள். அடுத்த படத்தைத் திறந்தாள்.

மாலையில் மேலாளர் முபாரக் மேசையருகே வந்தார். “போட்டி முடிஞ்சுதும்மா. கடைசி முரண்லயும் நீங்க தெளிவி பக்கம்தான் நின்னிருக்கீங்க. மேலிடத்துல அதையே எடுத்துக்கிட்டாங்க. மூலப் படங்களையும் இனிமே வச்சுக்கப் போறதில்ல, இடத்தை அடைக்குது.”

“சார், அந்தப் படத்தை மட்டும் இன்னொரு தடவை…”

“அழிச்சாச்சே! நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்.”

அவர் நகர்வதற்குள் அருளப்பன் கூப்பிட்டான்.

“அக்கா, வண்டி வந்துட்டுப் போயிடுச்சு. நசுக்கினப்ப உலோகச் சத்தமே வரல. தரையில மஞ்சளா ஈரம். கேட்டா, வண்டிக்காரன் புது மாடலா இருக்கும்ங்கறான்.” அவன் குரல் தாழ்ந்தது. “அது உயிரோட இருந்துச்சாக்கா?”

“உன்னை மறுபடி கிளப்பிடுவாங்கன்னுதாண்டா…”

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நான் போயிருப்பேன். நெசத் தேனீக்கா! அதுக்காகப் போனேன்னு சொல்லிக்கிட்டாவது இருந்திருப்பேன்.” பிறகு அவசரமாகச் சொன்னான்: “இதே மாதிரி இன்னும் நாலஞ்சு தேனீ பூவுல உக்காந்திருக்கு. இரு, நல்லாப் படம் எடுத்து அனுப்புறேன். இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிடு, என்ன?”

“அனுப்பாத, அருளு!” என்று அவள் கத்தினாள். அவன் அதற்குள் அனுப்பிவிட்டிருந்தான். தெளிவி அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அது அடுக்கித் தந்த படங்களில் இருந்த சிறகுகள் எல்லாம் முழுசாக இருந்தன. மீட்பு வண்டி திரும்பி மலையேறத் தொடங்கியது.