டப்பாவில் மூன்று சீட்டு

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை வந்துவிட்டால் அந்த நான்கு பேருக்கும் கால் தரையில் நிற்காது. காலையிலேயே ரயிலேறி ஏரிக்குப் போய்விடுவார்கள். ஆறு நிறுத்தங்கள், முக்கால் மணி நேரம். துணைக்கு மேனேஜரின் சித்தப்பா வருவார். துணை என்று பெயர்தான். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அவர் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார்.

மேனேஜர் என்றால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பெண். எந்தப் பெட்டியில் ஏறுவது, பாயை யார் தூக்குவது என்று எல்லாவற்றையும் அவளே முடிவு செய்வதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள், வாய் ஓயாத வானொலி, வகுப்பிலேயே உயரமான நெட்டை, தையல்காரர் மகன் ஊசி. வானொலி பெண், மற்ற இருவரும் பையன்கள்.

இவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அவரவர் கொண்டுவந்த சாப்பாட்டை அவரவர் தொடக்கூடாது. பழைய மிட்டாய் டப்பா ஒன்றில் நான்கு பெயர்ச் சீட்டுகள் இருக்கும். யார் பெயரை எடுக்கிறோமோ அவர்கள் வீட்டுச் சாப்பாடு நமக்கு. தன் பெயரே வந்தால் மறுபடி எடுக்க வேண்டும். ஊசியின் பெயர் கிடைத்தவர்களுக்கு அன்று யோகம்தான். அவன் அம்மா செய்யும் உருளைக்கிழங்கு வறுவல் அப்படி.

அந்த அம்மா இரண்டு மாதங்களுக்கு முன்பு இறந்துபோனார். காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஏரிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இந்த மாதம் ஊசியே வந்து, "போலாமா?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடக் குழாயடியில் மற்ற மூவரும் கூடிப் பேசினார்கள்.

"பாவம், அவங்க வீட்ல இப்ப யார் சமைப்பாங்க? சீட்டுல அவன் பேர் வந்தா கஷ்டப்படுவான்" என்றாள் வானொலி.

"அப்ப அவன் ஒண்ணும் தர வேணாம். நாம மூணு பேரும் கொஞ்சம் கூடக் கொண்டு வந்துடலாம்" என்றாள் மேனேஜர்.

"அவன்கிட்ட சொல்லிடலாமா?" என்று கேட்டான் நெட்டை.

"வேணாம்டா. சொன்னா சங்கடப்படுவான்" என்றாள் மேனேஜர்.

அன்று மாலை மேனேஜர் டப்பாவைத் திறந்து ஊசியின் சீட்டை எடுத்தாள். அதைத் தன் பையின் ஓரத்தில் செருகி வைத்தாள். நல்ல காரியம் செய்துவிட்டதாகவே அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் ரயிலில் ஊசி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவன் அப்பா தைத்துக் கொடுத்த நீலத் துணிப்பை மடியில் இருந்தது.

"அதை மேல வையேன்டா" என்றான் நெட்டை.

"பரவால்ல, இருக்கட்டும்."

அவன் கட்டைவிரலில் ஒரு கட்டு. வானொலி அதைப் பார்த்துவிட்டாள். "என்னடா, ஊசிக்கே ஊசி குத்திடுச்சா?"

"இல்ல. கத்தி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மேனேஜரின் காதிலும் அது விழுந்தது. ஆனால் அவள் நிறுத்தங்களை எண்ணுவதில் மும்முரமாக இருந்தாள்.

ஏரிக்கரையில் எப்போதும் உட்காரும் மரத்தடியில் பாயை விரித்தார்கள். சித்தப்பா செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். மேனேஜர் டப்பாவைக் குலுக்கினாள். வானொலி ஒரு சீட்டு எடுத்தாள், நெட்டை ஒன்று எடுத்தான், மேனேஜர் ஒன்று எடுத்தாள். அடுத்து ஊசி கையை விட்டான்.

டப்பாவில் ஒன்றும் இல்லை. விரல்கள் தகரத்தைத் தடவின.

"உனக்குச் சீட்டே வேணாம் ஊசி! உனக்கு நாங்க மூணு பேரும் கொண்டு வந்திருக்கோம்" என்று மேனேஜர் அவன் தட்டை நிரப்பினாள். நூடுல்ஸ், முட்டைப் பொரியல், ரொட்டி, பழம் எல்லாம் மலையாகக் குவிந்தன.

ஊசி கையை மெல்ல வெளியே எடுத்தான். "சரி" என்றான். துணிப்பையைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டான்.

அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. வானொலிக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு வாய் சாப்பிட்டதும் ஊசி எழுந்தான்.

"கை கழுவிட்டு வரேன்."

போகும்போது பையையும் எடுத்துக்கொண்டு போனான். கை கழுவ எதற்குப் பை? மேனேஜர் எழுந்து பின்னாலேயே போனாள்.

அவன் ஏரிப் படிக்கட்டின் கடைசிக் கல்லில் உட்கார்ந்து ஒரு பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தான். உள்ளே உருளைக்கிழங்கு வறுவல். ஒரு துண்டு பெரிசு, ஒரு துண்டு சிறிசு. பாதி கருகியிருந்தது.

"என்னடா பண்றே?"

"மீனுக்குப் போடப் போறேன்."

"நீ செஞ்சதா?"

"நானும் அப்பாவும். அஞ்சு மணிக்கே எந்திரிச்சோம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலையே." அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கம்மா இல்லைன்னா, நானும் இல்லைன்னு ஆயிடுமா?"

சீட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று மேனேஜருக்கு ஒரு நொடி தோன்றியது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நான்தான் உன் சீட்டை எடுத்தேன்" என்றாள். "உனக்குக் கஷ்டமா இருக்கும்னு நானே நினைச்சுக்கிட்டேன். உன்கிட்ட கேட்டிருக்கணும். தப்புதான்."

மீன்கள் படியருகே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"போடாதடா. அது மீனுக்கு இல்ல. எங்க மூணு பேர்ல ஒருத்தருக்கு."

ஊசி பாத்திரத்தை மூடினான்.

மரத்தடிக்குத் திரும்பியதும் மேனேஜர் அறிவித்தாள்: "முன்னாடி எடுத்தது செல்லாது. மறுபடி எடுக்கணும்."

"பாதி சாப்பிட்டாச்சே!" என்றாள் வானொலி.

"மிச்சப் பாதிய மாத்திக்கலாம்."

பையின் ஓரத்திலிருந்து நான்காவது சீட்டை எடுத்து, எல்லோரும் பார்க்க மற்ற மூன்று சீட்டுகளோடு டப்பாவில் போட்டாள். வானொலியும் நெட்டையும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதல் கை ஊசியுடையது. அவனுக்கு வானொலி வீட்டு முட்டைப் பொரியல். ஊசியின் சீட்டு நெட்டைக்கு வந்தது.

நெட்டை பெரிய துண்டாகப் பார்த்து வாயில் போட்டான். மென்றான். அவன் கண்கள் விரிந்தன. மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நெட்டைக்குப் பொய் சொல்ல வராது.

"உப்பு..." என்று ஆரம்பித்தான். வானொலி அவன் தொடையில் கிள்ளினாள். "ஆ! ஜாஸ்தியா இருக்கு. இருந்தா சொல்லக் கூடாதா?"

"தெரியும்" என்றான் ஊசி. "அம்மா சமையல் நோட்டைப் பார்த்துத்தான் செஞ்சோம். அதுல 'உப்பு தேவையான அளவு'ன்னு இருக்கு. தேவையான அளவுன்னா எவ்வளவுன்னு அம்மாவுக்குத்தானே தெரியும். 'ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் அளவெடுக்கறேன், இந்த உப்புக்கு அளவு தெரியலையேடா'ன்னு சொல்லி அப்பா சிரிச்சார். அப்புறம் அழுதுட்டார்."

செய்தித்தாளுக்கு அடியில் சித்தப்பாவின் குறட்டை நின்றிருந்தது.

"எத்தனை கிழங்கு?" என்று கேட்டான் நெட்டை.

"எட்டு."

"உப்பு?"

"ரெண்டு ஸ்பூன்."

நெட்டை யோசித்தபடியே ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, நடுவில் கிழங்கை வைத்து மடித்துத் தின்றான். "இப்பவும் கரிக்குது." இன்னொரு ரொட்டியைச் சேர்த்தான். "இப்ப சரி."

ஆளுக்கொரு துண்டு எடுத்துத் தின்று பார்த்தார்கள். சித்தப்பாவும் எழுந்து கை நீட்டினார். ஒரு ஸ்பூன் போதும் என்றாள் மேனேஜர். அரைதான் என்று அடித்துச் சொன்னாள் வானொலி. பெரிய சண்டையே நடந்தது. சண்டை முடிந்தபோது பாத்திரத்தில் கருகிய ஓரங்கள் மட்டுமே மிச்சம். முக்கால் என்று முடிவாயிற்று.

ஊசி தன் பெயர்ச் சீட்டைக் கேட்டு வாங்கினான். அதன் பின்பக்கத்தில் 'எட்டுக் கிழங்கு, முக்கால் ஸ்பூன்' என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அப்பாகிட்ட காட்டணும்" என்றான்.

திரும்பும் ரயிலில் காலிப் பாத்திரத்தோடு நீலப் பை மேலே இருந்தது. ஊசி நெட்டையின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

இரவு படுக்கும் முன் மேனேஜர் டப்பாவைத் திறந்து பார்த்தாள். மறுபடியும் மூன்று சீட்டுகள்தான். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'ஊசி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, மடித்து உள்ளே போட்டு மூடினாள்.