மயக்கம் வராத நாட்கள்

அந்த வீட்டில் இருந்தவர்கள்:

பஸீல். பண்டாரவளையில் ஹாட்வெயார் கடைக்காரன். கடைக்கு மேலேதான் வீடு.

ஜெனீரா. பஸீலின் ராத்தா, அதாவது மூத்த சகோதரி. விதவை. வீடு அவள் பேரில், சாவிகள் அவள் இடுப்பில்.

இராக்கம்மா. சமையல்காரி. காலையில் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்து, நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் பஸ் ஏறிவிடுகிறவள்.

றஷீனா. பஸீலின் மனைவி. மயங்கி விழுந்தவள்.

"இவ்வளவு பேர்தான், மிஸ். இதுல யாரோ ஒருத்தர் எனக்கு நஞ்சு வைக்கிறாங்க," என்றாள் றஷீனா.

பதுளையில் தையல் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை அது. ஜெயந்தினியின் அலுவலகம். அவள் பொலிஸில் பெண்கள் பிரிவிலிருந்து விலகியவள். இப்போது கலியாண விசாரணை, காணாமல் போனவர்களைத் தேடுவது என்று காலம் போகிறது. அவளோடு வேலை செய்யும் மபாஸ் கதவோரம் நின்றான். நோன்பில் முகம் வாடியிருந்தது, கண் மட்டும் விழிப்பாக இருந்தது.

"சமையல்காரிதான், மிஸ்," என்றான்.

"அவங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலியே, மபாஸ்."

றஷீனா நெற்றித் தையலைத் தொட்டுப் பார்த்தாள். தையல் வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள். இருட்டுமுன் திரும்ப வேண்டும். அதே வீடு, அதே கட்டில், அதே மாடிப்படி.

நோன்பு மாதம் பிறந்ததிலிருந்து இப்படித்தான். விடியுமுன் சஹர் சாப்பிட எழும்பிக் காலைத் தரையில் வைத்தால் தரை நழுவும். காதுக்குள் இரைச்சல். கண் திறக்கும்போது எங்காவது கிடப்பாள். போன கிழமை மாடிப்படியில். பேய் பிடித்திருக்கிறது, ஓதிப் பார்க்க வேண்டும் என்றாள் ஜெனீரா. பலவீனம் என்றான் பஸீல்.

"சஹர் சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி. சாப்பிட இறங்கிப் போறப்ப. அதுவும் எல்லாரும் ஒரே சஹன்லதான், ஒரே தட்டுலதான் கை வைக்கிறோம்."

"அப்ப சாப்பாடு இல்ல. ஒங்களுக்கு மட்டும்னு என்ன இருக்கு?"

"பால். மஞ்சளும் கருப்பட்டியும் போட்டது. இராக்கம்மா காய்ச்சிப் பிளாஸ்க்ல ஊத்திட்டுப் போவா. மச்சி, அவர் ராத்தா, மேல கொண்டு வந்து வைப்பாங்க. அவர் ராத்திரி தராவீஹ் தொழுதுட்டு வந்து கப்ல ஊத்தித் தருவார்."

"மூணு கை," என்றான் மபாஸ்.

றஷீனா கைப்பையிலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து வைத்தாள். மஞ்சள் பால், அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. "நேத்து குடிக்கிற மாதிரி காட்டிட்டு இதுல ஊத்தினேன். இன்னைக்கு மயக்கம் வரல. அதுதான் ரொம்பப் பயமா இருக்கு. அதுவரைக்கும் நானே கற்பனை பண்றேன்னு நெனச்சிருந்தேன்."

"வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?"

"படர்தாமரைக்கு டிஸ்பென்சரியில குடுத்த குளிசை." அவள் மபாஸைப் பார்த்து நிறுத்தினாள்.

"மபாஸ், நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் வாங்கிட்டு வாங்க."

"இப்பவேவா, மிஸ்? இனிமேத்தான் கதையே..."

"இப்பவே."

அவன் போன பிறகு றஷீனா மேசையைப் பார்த்தபடி பேசினாள். "எனக்கு அதுல மனசே போறதில்ல, மிஸ். ரெண்டு மூணு வருஷமா. அவர் கொழும்புல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். பொம்பளைங்களுக்குன்னே ஒரு குளிசை இருக்குன்னு எழுதிக் குடுத்தார். படுக்கப் போறப்ப போடணும், தினமும் போடணும், வேலை செய்யப் பல கிழமை ஆகும்னு டாக்டர் எங்கிட்டதான் வெளக்கினார். அப்ப என் வீட்டுக்காரர் வெளிய போன்ல இருந்தார். போட்டா தலை சுத்துச்சு. வேணாம்னு பெட்டியோட அவர் கையில குடுத்தேன். வீசிட்டேன்னார்."

"இது டிஸ்பென்சரிக்குத் தெரியுமா?"

"வேற மருந்து உண்டான்னு கேட்டாங்க. இல்லன்னேன். இல்லதானே?"

ஜெயந்தினி எழுந்து ஜன்னலோரம் போய், தெரிந்த மருந்துக்கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில் பேசினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மயக்கம் வராத நாட்கள் உண்டா?"

"உண்டு. எனக்கு நோன்பு இல்லாத நாட்கள்ல. மாசா மாசம் வர்றது... பட்டினி இல்லாததாலதான் வரலன்னு நெனச்சேன்."

"அந்த நாட்கள்லயும் பால் குடிச்சீங்களா? சஹருக்கு எழும்பினீங்களா?"

"ரெண்டும். கலியாணம் கட்டி எட்டு வருஷம், புள்ள இல்ல. நான் தொழலன்னு தெரிஞ்சா மச்சி, 'இந்த முறையுமா'ன்னு ஒரு பார்வை பாப்பாங்க. அதுக்குப் பயந்து எல்லாரோடயும் எழும்பி சஹன்ல கை வைப்பேன். அறையில தொழுற முஸல்லாவை விரிச்சுக் கதவைச் சாத்திக்குவேன். துணிமணி எல்லாம் நானே பார்த்துக்குவேன். இராக்கம்மாவுக்கும் தெரியாது."

ஜெயந்தினி போத்தலை மெதுவாகச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதை அவங்க எல்லார் முன்னாலயும் சொல்லலாமா?"

ஏன் என்று றஷீனா கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும். தலையை மட்டும் ஆட்டினாள்.

பண்டாரவளை போய்ச் சேர்கிற வரைக்கும் மபாஸ் ஆட்டோவை ஓட்டிக்கொண்டே ஜெனீராதான் என்று நிரூபித்துக்கொண்டு வந்தான். வீட்டில் மேசை மேல் கஞ்சிக் கோப்பைகள் வைத்திருந்தார்கள். இராக்கம்மா பையைத் தோளில் மாட்டியபடி, "பஸ் போயிருமுங்க," என்றாள். பஸீல் கடையிலிருந்து ஏறி வந்தான். மேசையில் இருந்த ஜாம் போத்தலைப் பார்த்ததும் உட்காராமல் நின்றான்.

"பால்ல குளிசை கலந்திருக்கு," என்றாள் ஜெயந்தினி. "மூணு பேர் கையும் பிளாஸ்க்ல பட்டிருக்கு. ஆனா சில நாட்கள்ல கலக்கல. றஷீனாவுக்கு மாதவிடாய் வந்த நாட்கள்ல. அப்பவும் அதே பாலைத்தான் குடிச்சாங்க, அதே நேரத்துக்கு எழும்பி அதே படியிலதான் எறங்கினாங்க. பட்டினியால வர்ற மயக்கமும் இல்ல. அது வர்ற நேரத்துல அன்னைய நோன்பே தொடங்கல."

ஜெனீராவின் கை சாவிக்கொத்தில் நின்றது.

"இராக்கம்மாவுக்கு அந்த நாட்கள் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது, ராத்தா. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இவங்க நோன்பாளி மாதிரி நடிச்சாங்க. நீங்க ரெண்டு பேர்ல யார் கலந்திருந்தாலும் அந்த நாட்கள்லயும் கலந்திருப்பீங்க. தெரிஞ்சவர் ஒருத்தர்தான். அந்த நாட்கள்ல மனைவியைத் தொடக் கூடாதவர்."

றஷீனா பஸீலைப் பார்க்கவில்லை. ராத்திரி ராத்திரி கப்பை நீட்டிய கையைத்தான் பார்த்தாள். அது மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"டாக்டர் எழுதின மருந்துதானே," என்றான் பஸீல். "அவ பேர்லதான் எழுதியிருக்கு. நஞ்சா அது?"

"ஆம்பிளைங்க போடுற குளிசை மாதிரி நெனச்சீங்க. போட்ட அன்னைக்கே வேலை செய்யும்னு. அதனாலதான் ஒங்களுக்குத் தேவைப்படாத நாட்கள்ல மிச்சம் புடிச்சீங்க. டாக்டர் பேச்சைக் கேட்டிருந்தா விடாம கலந்திருப்பீங்க, நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். படர்தாமரைக் குளிசையோட இது சேரவே கூடாது. ரத்த அழுத்தம் கீழ விழுந்துரும். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா மையத்தாத்தான் தூக்கியிருப்பாங்க."

"நான் குடும்பம் நடத்தத்தான் பாத்தேன்."

"அவங்க வேணாம்னு சொன்ன பிறகு," என்றாள் ஜெயந்தினி. "போத்தல் இப்ப பொலிஸுக்குப் போகுது. றஷீனா, காலையில வந்து முறைப்பாடு எழுதிக் குடுங்க."

பாங்கு கேட்டது. யாரும் கை நீட்டவில்லை. றஷீனாவின் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் இருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் அவளால் அதைத் தொட முடியவில்லை. ஜெனீரா அதை எடுத்துத் தான் ஒரு வாய் குடித்தாள். பிறகு றஷீனாவின் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அந்தளவுக்கா எனக்குப் பயந்த?" என்றாள்.

றஷீனா கிளாஸை எடுத்துக் குடித்தாள்.

ஜெனீரா தம்பியிடம் திரும்பினாள். "தம்பி, கீழ கடையில படு."

"ராத்தா, இவ என் பொண்டாட்டி."

"வீடு என் பேர்ல."

இராக்கம்மா முதலில் இறங்கிப் போனாள். மபாஸ் ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தின்ன மறந்து, ஜெயந்தினியின் பின்னால் போனான். கடைசியாகப் பஸீல். படியில் இரண்டடி இறங்கி நின்று, எப்போதும் போலத் தாழ்ந்த குரலில் சொன்னான்: "நாளைக்குக் கடை திறக்கச் சாவி கேட்டு நான் மேலதான் வரணும், றஷீனா."

ஜெனீரா சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்து றஷீனாவிடம் நீட்டினாள். றஷீனா வாங்கிக்கொண்டாள். சரியான சாவி மூன்றாவது முறைதான் அகப்பட்டது. அவன் இன்னும் படியில் நிற்கும்போதே கதவைச் சாத்திப் பூட்டினாள்.