பாட்டுக்குப் பின்னால் ஒரு முனகல்

இட்லிப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு, கார் சாவியைக் கையில் எடுத்தபடி என் மனைவி லிபி சொன்ன கடைசிக் குறை காரின் ஸ்டீரியோவைப் பற்றியது.

"பாருங்க, அந்த முனகல் இன்னும் போகல்ல. ஆக்சிலேட்டர மிதிச்சா கூடவே ஏறுது, கால எடுத்தா எறங்குது. ஹாரன் அடிச்சா பாட்டுக்குள்ள டொக்குன்னு வெட்டுது."

"சனிக்கிழமை ஷைஜுவ வரச் சொல்லியிருக்கேன்."

"மெதுவா வரட்டும். எனக்குப் பழகியாச்சு. வளைவுல அதக் கேட்டுத்தான் கியர் மாத்துறேன். ஒங்க ஷைஜுவவிட எனக்க காது நல்ல காது, கேட்டீங்களா?"

சிரித்துக்கொண்டே போனாள். வாசல் கேட்டைத் தாண்டும்போது வழக்கம்போல இரண்டு முறை ஹாரன் அடித்தாள். வீட்டு வாசலானாலும் மலை வளைவானாலும் அவளுக்கு அதே இரண்டுதான்.

பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் ஆசிரியை. பஸ் குறைவு என்பதால் பேரூர்க்கடையிலிருந்து தினமும் காரிலேயே மலையேறுவாள். அன்று மலையில் மழையும், எதிரே வருவது தெரியாத மஞ்சும். ஒரு வளைவில் ரோட்டின் குறுக்கே மரக்கொப்பு ஒன்று விழுந்து கிடந்திருக்கிறது. என்னவென்று பார்க்க வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறாள். மேட்டுமண் அப்படியே சரிந்து அவளைக் கொண்டுபோனது.

காரில் ஒரு கீறல்கூட இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம், பாட்டு பாடிக்கொண்டிருந்ததாம்.

சர்ச்சில் என் கையைப் பிடித்த எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "வண்டியவிட்டு எறங்காம இருந்திருந்தா..." அதற்குப் பிறகு நான் வேறெதையும் நினைத்ததில்லை.

காரைக் கொண்டுவந்து போர்ட்டிகோவில் நிறுத்தினார்கள். அவள் கழற்றிய சீட் பெல்ட் சுருண்டு கதவோரத்தில் தொங்கியது. நான் எதையும் தொடவில்லை.

சில வாரம் கழித்து, காலையில் அவள் கிளம்பும் நேரத்துக்கு, பூட்டிய காருக்குள்ளிருந்து அந்த முனகல் கேட்டது. மறுநாளும் கேட்டது. வயர் ஷார்ட்டாகித் தீப்பிடித்துவிடுமோ என்று பயந்து ஷைஜுவைக் கூப்பிட்டேன்.

பேட்டையில் கார் ஸ்டீரியோ மாட்டுகிற கடை வைத்திருப்பவன். மழை இருட்டிக்கொண்டு நின்ற ஒரு காலையில், அதே நேரத்துக்கு வந்தான். அவன் வந்தபோதும் அது முனகிக்கொண்டுதான் இருந்தது. கதவைத் திறந்து, ஸ்பீக்கரில் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டான்.

"சாரே, இது ஆல்டர்னேட்டர் சத்தமாக்கும். எஞ்சின் ஓடும்போ பேட்டரிய சார்ஜ் பண்ற சாதனம். எர்த்து வயர் சரியாப் பிடிக்காட்டி அதுக்க சத்தம் ஸ்பீக்கர்ல வரும்."

"எஞ்சின் ஓடலியே ஷைஜு."

"அதல்லே நானும் பார்க்குறேன்."

பானட்டைத் தூக்கி, பேட்டரியில் மீட்டர் முனைகளை வைத்தான். பார்த்தான். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான்.

"சும்மா நிக்கிற வண்டியில பன்னெண்டு சொச்சம் வோல்ட்டு காட்டணும். இதுல பதினாலு."

"அப்படின்னா?"

"எஞ்சின் ஓடுது சாரே."

எஞ்சின்மேல் கை வைத்தேன். கல்போலக் குளிர்ந்திருந்தது.

ஷைஜு ஸ்டீரியோவின் பியூஸைப் பிடுங்கினான். பிறகு பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றி ஓரமாக மடக்கிவிட்டான். காரின் கதவைச் சாத்தினான்.

"கழிஞ்சு. இனி இதுல உயிரில்ல."

முனகல் ஏறியது.

தாழ்ந்தது. டொக், டொக். மறுபடி மெல்ல ஏறியது.

அந்த இரண்டு வெட்டும் எனக்குத் தெரியும். வளைவுக்கு முன்னால் ஹாரன். அப்புறம் செகண்ட் கியர்.

லிபி மலையேறிக்கொண்டிருந்தாள்.

ஈர மண்வாடை வந்தது. கூடவே கிளச் சூடான கரிந்த வாடை. கார்க் கண்ணாடிகள் உள்பக்கமாக மங்கத் தொடங்கின. முதலில் ஓட்டுகிறவர் பக்கம் மட்டும், உள்ளே யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு வட்டம். அது பெரிதாகிப் பெரிதாகி இருக்கையை மறைத்தது.

ஷைஜு கட்டிங் பிளேயரை எடுத்தான். "ஸ்பீக்கர் வயர வெட்டட்டா சாரே?"

"வேண்டாம்."

"சாரே, எனக்குப் பேடியாகுது." பயந்து ஓரடி பின்வாங்கினான்.

"வேண்டாம்னேன்லா."

டொக், டொக். ஏற்றம். இன்னொரு வளைவு. இன்னொன்று.

பிறகு முனகல் தணிந்தது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒரே சீராக நின்றது.

நிறுத்திய வண்டி ஓடும் சத்தம் அது. எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே 'க்ளிக்' என்றது.

பெல்ட்டைக் கழற்றுகிறாள்.

ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

பாய்ந்துபோய் இரண்டு கையாலும் கதவை அழுத்திச் சாத்தினேன். உள்ளிருந்து அது என்னைத் தள்ளியது. பலமாக அல்ல, வெளியே ஏதோ தடுக்கிறது என்று நினைக்கிற ஒருத்தி தள்ளுவதுபோல. தோளைக் கொடுத்து நின்றேன். கண்ணாடிக்கு அப்பால் வெள்ளையாக மஞ்சு மட்டும்.

"லிபி, எறங்காத."

மறுபடி தள்ளியது.

"கொப்பு கெடந்தா கெடக்கட்டும். எறங்காத பிள்ளே. நாந்தான் சொல்லுகேன். வண்டிய எடு."

பின்னால் ஷைஜு ஏதோ மந்திரம் முணுமுணுத்தான்.

தள்ளல் நின்றது.

வெகு நேரம் ஒன்றுமில்லை. சீரான அந்த முனகல் மட்டும். அப்புறம் உள்ளே இன்னொரு 'க்ளிக்'.

டொக், டொக்.

முனகல் ஏறியது. தாழ்ந்து, மறுபடி ஏறி, நான் அதற்குமேல் நினைத்தே பார்த்திராத வளைவுகளில் ஏறி, தூரத்துக்குப் போய்த் தேய்ந்தது.

ஷைஜு கழற்றிய வயரை மாட்டாமலே பையைத் தூக்கினான். "நான் ஒண்ணும் சரியாக்கல்ல சாரே. யாரு கேட்டாலும் அதே சொல்லணும்." மீட்டரைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டான்.

சர்ச் பின்புறத்துக் கல்லறையில் அவள் பெயர் இருக்கிறது. ஞாயிறுதோறும் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்குப் போர்ட்டிகோவில் மெல்லிய முனகல் நெருங்கி வருகிறது. டொக், டொக். நான் போய்க் கேட்டைத் திறந்து விடுகிறேன்.

வேறு யாரும் அந்தக் காரில் ஏறியதில்லை. பேட்டரியின் கறுப்பு வயர் கழற்றியபடியே கிடக்கிறது.

ஓட்டுகிறவர் இருக்கையில், அன்றிலிருந்து, பெல்ட் மாட்டியே இருக்கிறது.