திருப்பிக் கேட்க மாட்டேன்

சாவி வெட்டுகிறவர் தமிழில் வணக்கம் சொன்னார்.

அதில் தப்பு ஒன்றும் இல்லைதான். ஆனால் இந்த வெளிநாட்டு ஊருக்குச் சுற்றுலா வந்த நாளிலிருந்து கண்ணாடிக்காரர் ஒரு வாய்த் தண்ணீருக்குக்கூடக் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய் ஊமைக்கூத்து ஆடிக்கொண்டிருந்தவர். செம்பட்டை முடியும் வெளிறிய கண்களுமாக, இரும்புத்தூள் அப்பிய விரல்களோடு வேலை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த மனிதர், "வாங்க வாங்க, வெளியில காத்து ஜாஸ்தியா இருக்கா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி விசாரித்தபோது, கண்ணாடிக்காரருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரியான பவரில் கண்ணாடி போட்டும் கடைசி வரி மங்கலாகவே தெரியும்போது ஒரு சின்னக் கலக்கம் வருமே, அதுதான் வந்தது.

சொந்த ஊரில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடையில் பேசுவது அவர் வேலை, மற்றதெல்லாம் மனைவியின் வேலை. கண்ணுக்கே தெரியாத திருகாணியை நகநுனியில் எடுத்து ஃப்ரேமில் பூட்டுவாள். அதனால் அவளுக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தார். மேனேஜருக்குச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். "ரெண்டு பேரும் ஒரு தடவையாவது கடையைப் பூட்டிட்டு எங்கயாவது போங்களேன்" என்று மகள்தான் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள்.

"இந்தப் பேட்டையில யார் வந்தாலும் அவங்க பாஷையிலதான் பேச்சு சார்" என்றான் வழிகாட்டி. மடக்கிய குடை ஒன்றைக் கொடிபோலத் தூக்கிப் பிடித்து முன்னால் நடக்கிற இளைஞன். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத சிரிப்பு. "கேட்டுக் கேட்டுப் பழகிட்டாங்க. உலகத்துல எந்த நாட்டு ஆளும் இந்தத் தெருவுல உண்டு."

"எப்படிப்பா எல்லாரும் இங்க வந்து சேர்ந்தாங்க?"

"உங்களை மாதிரிதான் சார். சுத்திப் பாக்க வந்தாங்க."

மாலை வெயில் கடைப் பெயர்ப்பலகைகளின்மேல் சரிந்திருந்தது. ஒவ்வொரு பலகையிலும் ஒவ்வோர் எழுத்து. சில கொக்கிகளாகத் தொங்கின, சில பூச்சிகளாக ஊர்ந்தன. சுட்ட மாவின் வாசனை, ஈரத்தோலின் வாசனை, தலைக்குப் பூசுகிற ஏதோ ஒரு தைலத்தின் வாசனை எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், வெகுநாள் மூடிக்கிடந்த அறையைத் திறந்தால் வருகிற நெடி லேசாக இருந்தது. கடைக்காரர்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். வாடிக்கையாளரைப் பார்க்கிற பார்வை இல்லை அது. ரயில் நிலையத்தில் யாரையோ கூப்பிட்டுப்போக வந்தவர்கள் இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்ததும், குனிந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

அந்தப் பார்வைகளுக்கு இடம் விட்டு ஒதுங்கும்போதுதான் அவர் கோட்டின் கை ஒரு கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி, முழங்கை வரை கிழிந்தது.

"ஐயோ, பொண்ணு வாங்கிக் கொடுத்ததுங்க" என்றாள் மனைவி.

"எதிர்லயே தையல் கடை இருக்கு மேடம்" என்றான் வழிகாட்டி. குடையை நீட்டிக் காட்டினான்.

தையல் கடையில் ஒரு வயதான அம்மாள். பக்கத்தில் துணி போட்டு மூடிய இன்னொரு மிதி மெஷின். அம்மாள் ஊசியில் நூல் கோக்க முயன்று, நூல் நுனியை எச்சில்படுத்தி, விளக்குக்கு எதிரே பிடித்து, மறுபடி தவறவிட்டாள். மனைவி ஒன்றும் கேட்காமல் ஊசியை வாங்கினாள். ஒரே முயற்சி. நூல் உள்ளே போயிற்று.

"என்ன கை!" என்றாள் அம்மாள். "இந்த மெஷினுக்கு இப்படி ஒரு ஆளு இல்லாமத்தான் மூடி வச்சிருக்கேன்."

இந்த மாதிரி ஒரு பந்து தானாக உருண்டு வந்தால் கண்ணாடிக்காரரால் உதைக்காமல் இருக்க முடியாது. கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழைய ஜோக் அது. பஸ் கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறார், மாமனாரிடமே சொல்லியிருக்கிறார்.

"அப்ப இவங்களையே வச்சுக்குங்கம்மா. என் காதுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

மனைவி வழக்கம்போலச் சிரித்தாள். வழக்கம்போல அந்தச் சிரிப்பு கண்வரை போகவில்லை. அதை அவர் எப்போதும் இரவு படுத்தபிறகுதான் நினைப்பார், காலையில் மறந்துவிடுவார்.

அம்மாள் சிரிக்கவில்லை. "கொடுத்துடறீங்களா?"

"தாராளமா! திருப்பிக் கேட்க மாட்டேன்."

வெளியே சாவி வெட்டும் மெஷின் நின்றது. எங்கோ ஓடிக்கொண்டிருந்த கத்தரி நின்றது. தெரு முழுவதும் ஒரு மூச்சு நின்று, பிறகு விட்டமாதிரி இருந்தது. மறுபடி எல்லாச் சத்தங்களும் கிளம்பின. வழிகாட்டி குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள் மனைவி, மெஷின்மேல் இருந்த துணியை விலக்கியபடி. "பாவம், இவங்களுக்குக் கண்ணு தெரியல. இந்தக் கோட்டுக் கையை நானே தச்சிடறேன்."

கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வழிகாட்டியோடு கிளம்பினார். நாலு கடை தள்ளி முடிதிருத்தும் கடை. அடர்ந்த கறுப்பில், அகன்ற தோள்களோடு ஒருவர், உயரமான முக்காலியில் உட்கார்ந்தபடியே ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார்.

"எந்த ஊர் உங்களுக்கு?" என்றார் கண்ணாடிக்காரர்.

"மறந்துபோச்சுங்க. அண்ணன்கூட வந்தேன். நான் முடி வெட்டிக்க உக்காந்தேன், ரொம்ப நேரமாச்சு. அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. 'இந்தக் குரங்கை நீங்களே வச்சுக்குங்கய்யா'ன்னு சொல்லிட்டு வாசல்ல நின்னு சிரிச்சார்."

"சரியான அண்ணன்! என்னை மாதிரி ஆளு போல" என்று சிரித்தார்.

"ஆமாங்க" என்றார் அவர். கத்தரி நிற்கவில்லை. "ரொம்பப் பாசமான அண்ணன்."

கண்ணாடிக்காரர் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஏன் என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் காற்று சில்லென்று சட்டைக்குள் புகுந்தது. கோட்டு இல்லாததால்தான் என்று சொல்லிக்கொண்டார்.

அடுத்தது ரொட்டிக் கடை. அடுப்பின் செந்நிற வெளிச்சத்தில், மாவு படிந்த புருவங்களோடு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். கண்ணாடிக்காரரின் தோளுக்குப் பின்னால், வாசலையே பார்த்தபடி பிசைந்தாள். அவர் கேட்கவே இல்லை. அவளாகவே சொன்னாள்.

"எங்கம்மாகூட வந்தேன். அழுதா இந்த ரொட்டிக்காரங்ககிட்டக் கொடுத்துட்டுப் போயிடுவேன்னாங்க."

அடுப்பில் ஏதோ வெடித்தது.

"நான் அழுதுட்டேன்."

அவள் உதடு பிதுங்கியது. ஐம்பது வயது முகத்தில் ஐந்து வயது உதடு. "இப்ப அழறதே இல்ல. நீங்க எங்கம்மாவைப் பாத்தா சொல்றீங்களா? அழறதே இல்லன்னு."

கண்ணாடிக்காரர் வழிகாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவன் அதே சிரிப்போடு, பிடித்த பாட்டைக் கேட்பவன்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அவர் ஓடினார்.

தொப்பையோடு ஓடினால் பார்க்கச் சகிக்காது என்று மகள் சொல்வாள். சகிக்காமலே ஓடினார். ஒவ்வொரு வாசலிலும் முகங்கள் நிமிர்ந்தன. முடிதிருத்துகிறவர் கழுத்தை நீட்டி, "அண்ணா?" என்றார். பார்த்தார். "இல்ல." தோல் கடையிலிருந்து ஒரு பெண்குரல், "ஏங்க? நீங்களா?" ஒரு நொடி. "இல்ல." மாடி ஜன்னலிலிருந்து, "அப்பா?" பிறகு அவருக்குத் தெரியாத பாஷைகளில் அதே கேள்வி, அதே நம்பிக்கை, அதே முடிவு. யாரும் எழுந்து வரவில்லை. யாரும் துரத்தவில்லை. துரத்தியிருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

தையல் கடை. விளக்கு. மெஷின் சத்தம்.

அவள் இருந்தாள்.

"வந்துட்டீங்களா? கோட்டு ரெடி, அந்த ஆணியில மாட்டியிருக்கேன்" என்றாள். அவளேதான். அவளுடைய குரல்தான். நெற்றியில் விழுந்த முடியை மணிக்கட்டால் ஒதுக்குகிற அதே பழக்கம்.

"மேனேஜர், கிளம்பு. உடனே."

"நீங்க கிளம்புங்க. எனக்கு வேலை கிடக்கு."

"கூத்தடிக்காத. எந்திரி."

அவள் சிரித்தாள். இந்த முறை சிரிப்பு கண்வரை போயிற்று. அதைப் பார்த்ததும் அவர் ஓரடி பின்வாங்கினார்.

பின்னால் குடை நுனி தரையில் தட்டும் சத்தம். வழிகாட்டி அவசரமில்லாமல் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

"தம்பி, நான் கேலிக்குச் சொன்னது."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"எல்லாரும் கேலிக்குத்தான் சார் கொடுக்கறாங்க. நிஜமாவே வேண்டாம்னு விட்டுட்டுப் போறவங்களும் உண்டு. அவங்களை நாங்க எடுக்கறதில்ல, அடுத்த பஸ்ல ஏத்தி அனுப்பிடுவோம். பிரியமா வச்சிருக்கறவங்களைத்தானே விளையாட்டுக்குக் கொடுப்பாங்க?" அவன் தெருவைப் பெருமையோடு பார்த்தான். "எல்லாரும் யாரோ ஒருத்தருக்கு உசிரா இருந்தவங்க. அதனாலதான் வேலை இவ்வளவு சுத்தம்."

"என் உசிரு தம்பி அவ."

"அதான் சார் சொல்றேன்."

கண்ணாடிக்காரர் தையல்கார அம்மாளிடம் திரும்பினார். கையெடுத்துக் கும்பிட்டார். வாழ்நாளெல்லாம் பேசியே பிழைத்த வாய், ஒரு வார்த்தைக்குத் திணறியது. "அம்மா... அப்ப என்னையும் வச்சுக்குங்க. கூட்டுவேன். துடைப்பேன். நல்லாப் பேசுவேன்."

அம்மாள் இரக்கத்தோடு அவரைப் பார்த்தாள். "உங்களை யாருப்பா கொடுக்கறது? தானா வந்தா எடுக்கறதில்ல."

அவர் மெஷின் பக்கம் ஓடி மண்டியிட்டார். "நீ சொல்லு. ஒரு வார்த்தை. 'இவரை வச்சுக்குங்க'ன்னு சொல்லு. விளையாட்டாச் சொல்லு. எத்தனை தடவை நான் சொல்லியிருக்கேன், ஒரே ஒரு தடவை நீ சொல்லேன்."

மெஷின் நின்றது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வியர்வையில் சரிந்திருந்த அவர் மூக்குக்கண்ணாடியை, கடையில் செய்வதுபோல, ஒரு விரலால் மேலே தள்ளிச் சரியாகப் பொருத்தினாள்.

"விளையாட்டுக்குக்கூட உங்களை எப்படிங்க இன்னொருத்தருக்குக் கொடுப்பேன்?" என்றாள்.

மெஷின் மறுபடி ஓடியது.

சொல்ல மாட்டாள். அவருக்குத் தெரியும். அவளுக்கு ஜோக் சொல்ல வராது. வந்ததே இல்லை.

தூக்கிக்கொண்டு போய்விடுவது. அதுதான் வழி. இடுப்பைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. அவள் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தள்ளினார். முக்காலி நகர்ந்தது, அவள் அப்படியே அந்தரத்தில் உட்கார்ந்தபடி இருந்தாள். கால். காலைப் பிடித்துத் தூக்க வேண்டும். குனிந்தார். மெஷினுக்கு அடியில் இருட்டு. எண்ணெய் வாடை. கையை விட்டுத் துழாவினார்.

கெண்டைக்கால் கிடைத்தது. இளஞ்சூடாக இருந்தது. கணுக்கால். அதற்குக் கீழே அவளுடைய வெடிப்பு விழுந்த குதிகாலைத் தேடினார்.

இரும்பு கிடைத்தது.

அதுவும் இளஞ்சூடாக இருந்தது.

கண் இருட்டுக்குப் பழகியது. கணுக்காலுக்குக் கீழே தோல் வழிந்து, மெழுகு மாதிரி வழிந்து, மிதியின் இரும்புப் பூவேலைக்குள் இறங்கியிருந்தது. எங்கே கால் முடிந்தது, எங்கே மிதி தொடங்கியது என்று ஒரு கோடு இல்லை. மிதியின் முன்விளிம்பில் நகங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. இரும்பின்மேல் பச்சை நரம்புகள் ஓடின. அவர் கைக்கடியில் ஒரு நரம்பு துடித்தது.

அவர் விரல்கள் அந்தப் பூவேலையைப் பற்றி இழுத்தன.

"கூசுதுங்க" என்று மேலே அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "விடுங்க, கூசுது."

மிதி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.