முகம் சுரண்டிய சீனத்துத் தட்டி

காலையில் கூட்டி அள்ளிய பொன் தூள், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது மறுபடியும் தரையில் கிடந்தது. சாரா உம்மாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கலியாண வீட்டில் எத்தனை தரம்தான் கூட்டுவது!

தூள் கிடந்தது அந்தச் சீனத்து மடக்குத் தட்டியின் கீழே. சிலாபத்தில் ஒரு தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது ஏலத்தில் விட்ட சாமான் அது. கறுப்பு அரக்குப் பலகையில் பொன்னால் எழுதிய பூந்தோட்டம், பாலம், விசிறி பிடித்த ஐந்து பெண்கள். கூடவே இரண்டு நீலச் சாடிகள், காகித விளக்குகள். வீட்டோடு வந்து இருக்கப்போகிற மாப்பிள்ளை கொழும்பு ஆள். புத்தளத்து வீடுதானே என்று ஒருவரும் முகம் சுளிக்கக்கூடாது. தகப்பனில்லாத ஒரே பிள்ளை உம்மு குல்சூமுக்காக அவள் எதைத்தான் செய்யமாட்டாள்!

ஆனால் உருவம் இருக்கிற வீட்டுக்குள் வானவர்களான மலக்குமார் வரமாட்டார்களே. நிக்காஹ் ஓதப்போகிற வீடல்லவா? அதனால் காலையிலேயே மீன் வெட்டுகிற கத்தியால் ஐந்து முகங்களையும் சுரண்டிவிட்டாள். முகம் போனால் உருவமில்லை, அவ்வளவுதான்.

உப்பளத்துப் பக்கமிருந்து காற்று அடித்தது. அடுப்படியின் நெய்ச்சோற்று வாசத்துக்குள்ளே பழைய அரக்கின் வாடையும், தட்டிக்குப் பின்னாலிருந்து கத்தி நுனி பலகையில் உரசுகிற மாதிரி ஒரு சத்தமும் விட்டுவிட்டு வந்துகொண்டேயிருந்தன. அங்கேதான் மணப்பெண் உடுத்து, முக்காடு போட்டுத் தனியே இருந்தாள்.

"மகள், நீயா சுரண்டுற?"

"இல்ல உம்மா. முகம்தான் கடிக்குது."

"மருதோண்டிக் கையால சொறியாதடி. மாப்பிள்ள வார நேரம்."

கூட்டினாள். அடுப்படிக்குப் போனாள். மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை, திரும்பி வந்தாள். மறுபடியும் தூள். இந்தத் தரம் பொன் நிறமில்லை. மாநிறம்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்கு விளக்கை ஏற்றித் தட்டியின் முன்னே பிடித்தாள். நான்கு பெண்களுக்கு முகமில்லை. பாலத்தில் நின்றவளுக்கு இருந்தது. கீழுதட்டின் ஓரத்தில் மச்சம். பெற்றவளுக்குத் தெரியாத மச்சமா!

வாசலில் றபான் மேளம் அடிக்கிற சத்தம் கேட்டது. "மாப்பிள்ள வந்துட்டார்!" என்று யாரோ கத்தினார்கள்.

"மகள்?"

"உம்மா," என்றது குரல். பலகையிலிருந்து.

யா அல்லாஹ்! தட்டியை இழுத்து மடக்கினாள். கதிரையில் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்தாள். சூடான கை. மருதோண்டி மணந்தது.

அந்தக் கை அவள் பிடியிலிருந்து நழுவி, மெல்ல முக்காட்டைத் தூக்கியது.

கண்ணில்லை. வாயில்லை. வழவழவென்ற தோல். அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக மீன் கத்தியின் கோடுகள்.