அவன் மறைத்து நின்ற இடம்

தன் கை பிசகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். கணவனைத் திமிங்கலத்தின் முதுகில் ஏற்றுவது அன்றைய வீட்டுப்பாடம். ஆல்பம் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர வேண்டுமானால் போட்டோஷாப் தெரிந்திருக்க வேண்டும் என்றதால், இணைய வகுப்பில் சேர்ந்து, மதியமெல்லாம் கணினி விசிறியின் முனகலையும் ஜன்னலுக்கு வெளியே ஓயாத மழையையும் கேட்டபடி, படங்களை வெட்டி ஒட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். போன வாரம் வாசலில் எடுத்த படத்திலிருந்து அவனைக் குடையோடு வெட்டி எடுத்தாயிற்று. அவன் நின்ற இடத்தில் விழுந்த ஓட்டையை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும்.

நிரப்பியது. சுவர், இரும்புக் கதவு, ஈரத் தரை. நடுவில் ஒரு ஆள்.

கைகளை உடம்போடு ஒட்டி, தோள்களைக் குறுக்கி, அவனுடைய உருவத்துக்குள் அடங்குகிற அளவுக்கு ஒடுங்கி நின்றிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நிழல்.

வகுப்பெடுப்பவரைப் போனில் கூப்பிட்டாள்.

"மாஸ்டர், நிரப்பச் சொன்னா ஒரு ஆளை வரையுது."

"பக்கத்துல யாராவது நின்னிருப்பாங்கம்மா. அதைப் பார்த்து நிரப்பியிருக்கும்."

"இவர் ஒருத்தர்தான் மாஸ்டர் நின்னார்."

"சில சமயம் அது கிறுக்குத்தனமா ஏதாவது பண்ணும். வேற படத்துல செஞ்சு பாருங்க."

நாத்தனாரை வெட்டினாள். பின்னால் திரைச்சீலை மட்டும். தன்னையே வெட்டினாள். வெறும் சுவர். அப்பாடா என்றிருந்தது. பிறகு, கல்யாணப் படத்தைத் திறந்து அவனை வெட்டினாள். மண்டபத்தின் கோடியில், காலி நாற்காலிகளுக்கு அப்பால், விரல் உயரத்தில் ஒன்று நின்றது. அவன் தலைக்கு நேர் பின்னால். அடுத்த வருடப் படத்தில் அது அவனுக்கு மூன்று நாற்காலி பின்னால். கடற்கரைப் படத்தில் கை நீட்டினால் தொடும் தூரம். நேற்று சமையலறையில், அவன் பாத்திரம் கழுவும்போது விளையாட்டாக எடுத்த படம் ஒன்று இருந்தது. திறக்க மனம் வரவில்லை. திறந்தாள்.

வெட்டினாள்.

நிரப்பியது.

அவன் முதுகு இருந்த இடத்தில் அதன் நெஞ்சு. இடைவெளியே இல்லை.

அறையில் இருட்டு கட்டியிருந்தது. விளக்கைப் போட எழ வேண்டும். எழவில்லை. ஈரத்துணி நாளெல்லாம் மடித்தே கிடந்த மாதிரி ஒரு வாடை. படிக்கட்டில் காலடிச் சத்தம். அவனுடைய நடைதான், குதிகால் தேய்த்து நடக்கிற நடை. பூட்டில் சாவி திரும்பியது.

கதவைத் திறந்து, அவளைப் பார்த்தபடி நின்றான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. சிரித்தான்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே? திமிங்கலம் என்னை முழுங்கிடுச்சா?"

அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். படிக்கட்டு விளக்கு. பக்கவாட்டில் பார்த்தாள். சுவர். ஒன்றுமில்லை. அவன் மறைக்காத இடத்தில் ஒன்றுமே இல்லை.

"அங்கேயே நில்லுங்க. அசையாதீங்க."

"எதுக்கு? போட்டோ எடுக்கப் போறியா?"

"அசையாதீங்கன்னு சொல்றேன்ல!"

குரல் உடைந்தது. அவன் சிரிப்பு நின்றது.

"சரிம்மா, சரி. இந்த ஷூவை மட்டும் கழட்டிக்கிறேன். உள்ளே எல்லாம் தண்ணி."

"வேண்டாம். குனியாதீங்க."

குனிந்தான்.

அது குனியவில்லை.

நின்ற இடத்தில் நின்றது. நெடிதாக. குறுக்கியிருந்த தோள்களை ஒவ்வொன்றாக விரித்தது. கதவு நிலை நிறைந்தது. படிக்கட்டு விளக்கு மறைந்தது. கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

கீழே அவன் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஷூ கழன்றது. தடுமாறினான். தலை நிமிராமலே பக்கவாட்டில் கையை நீட்டினான்.

"விழுந்துடுவேன் போல. கொஞ்சம் கை குடேன்."

அவளால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

நீட்டிய கைக்குள் ஒரு கை வந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, அவன் அடுத்த ஷூவைக் கழற்றத் தொடங்கினான்.