தண்ணி மேல ஊடு

தண்ணீர் கொப்புளிக்கிற சத்தம் போனிலிருந்துதான் வருகிறது என்று ஷைனி முதலில் நினைத்தாள். மாலத்தீவு ஓட்டலின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். கடலுக்கு நடுவே மரக்கால்கள் மேல் நிற்கிற வீடுகள், நீலம் என்றால் அப்படியொரு நீலம். அதற்குப் பொருத்தமாக ஏதோ சத்தமும் சேர்த்திருக்கிறார்கள் போல என்று எண்ணி ஒலியைக் குறைக்கப் போனாள். குறைக்க ஒன்றுமில்லை. காலையில் சர்ச்சுக்குள் நுழையும்போது ஊமையாக்கிய போனை அவள் இன்னும் பழையபடி மாற்றவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்கிற நேரம். கவரைப்பேட்டை ஸ்டேஷனைத் தாண்டி ஒரு சரக்கு ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது ஓய்ந்ததும் சிப்காட் பக்கத்திலிருந்து வருகிற, எந்தப் பண்டிகைக்கும் நிற்காத மெஷின் இரைச்சல் மிஞ்சியது. அந்த இரைச்சலுக்கும் அடியில், வீட்டுக்குள், இது. குபுகுபுகுபு. கொஞ்சம் நின்று, மறுபடி குபுகுபு. எழுந்து குழாயைத் திருகிப் பார்த்தாள். தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினில் காது வைத்தாள். குளியலறை வாளி காலி, அடுப்பிலும் ஒன்றுமில்லை.

தெரியாத சத்தமாக இருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். இது தெரிந்த சத்தம்.

போன வருஷம் கொரோனா இரண்டாவது அலையில் எங்கேயும் படுக்கை கிடைக்காதபோது, அவள் புருஷன் ஜோஷ்வாவுக்கு அவன் வேலை செய்த இரும்பாலையின் நண்பர்கள் எங்கிருந்தோ ஒரு ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதன் கழுத்தில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் மாட்டியிருந்தது. காற்று அதற்குள் புகுந்து ராத்திரி பகலாகக் கொப்புளித்தது. குபுகுபு கேட்டால் உயிர் இருக்கிறது, நின்றால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். அப்படித்தான் அவள் கணக்கு வைத்திருந்தாள். பிறகு ஒரு வழியாக ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. அங்கிருந்து அவன் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஜிப் போட்டு வந்தான். சிலிண்டரை மறுநாளே வேறு யாரோ வாங்கிப் போய்விட்டார்கள்.

ஷைனி கட்டிலுக்குத் திரும்பினாள். மாலத்தீவை மூடிவிட்டுச் சுவிட்சர்லாந்தைத் திறந்தாள். பனி, மலை, கண்ணாடி ரயில். சத்தம் நின்றது. துபாயைத் திறந்தாள், வானத்தைக் குத்துகிற கட்டடம். சத்தம் இல்லை. மறுபடி தண்ணீர் மேல் நிற்கிற வீடு.

குபுகுபுகுபு.

"ஓஹோ. இது ஆகாதா?" என்றாள் வெறும் அறையைப் பார்த்து.

ஜோஷ்வா கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். தெருவே அவனைத் தங்கம் என்றது. ஆனால் ஷைனி எங்கே போனாலும் பின்னாலேயே வந்து நிற்பான். திருவள்ளூரில் அக்கா வீட்டுக்குப் போனால் சாயந்திர ரயிலில் வந்து இறங்குவான். அவள் வேலை செய்கிற கார் உதிரிபாகக் கம்பெனியில் எல்லோரும் மகாபலிபுரம் போனபோது, பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில் வந்தான். "நீ இல்லன்னா மூச்சு முட்டுது ஷைனி," என்பான். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். மூச்சு முட்டியது யாருக்கு என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. பிள்ளை இல்லை என்பதால் இந்த அன்பு முழுவதும் அவள் ஒருத்தி தலையிலேயே விழுந்தது.

விமானங்கள் திரும்பப் பறக்கின்றன, தடுப்பூசி போட்டிருந்தால் போதும் என்று செய்தி வந்த அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். இந்த ஒருமுறை தனியாக, யாரும் பின்னால் வராத தூரத்துக்கு, இருப்பதிலேயே உசத்தியான இடத்துக்குப் போக வேண்டும். தன் சம்பளம், தன் சீட்டுப் பணம், தன் பாஸ்போர்ட். இப்போது செத்தவனிடம் அனுமதி கேட்கவா?

மறுநாள் சாயந்திரம் ஜோஷ்வாவின் தங்கை சோனியா கருவாட்டுக் குழம்போடு வந்தாள். குழம்பைக் கீழே வைக்கும்முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"மெய்யாலுமே ஃபாரின் போறீங்களா அண்ணி? ஊர்ல இன்னா பேசிக்கினு இருக்காங்க தெரியுமா?"

"பேசட்டும். செத்தா தூக்கிக்கினு போறவங்களுக்கு, உசுரோட போனா பொறுக்கலியா?"

"அண்ணன் போய் இன்னும் ஒரு வருசம் ஆவல."

"அத்தான் சொல்றேன். இப்பத்தான் நான் மூச்சு வுட்டுக்கினு இருக்கேன். கொஞ்சம் நல்ல காத்தா வுடலாம்னு பாக்கறேன்."

சோனியா பதில் சொல்ல வாயெடுத்தவள், அப்படியே நின்றாள். தலையைச் சாய்த்து உள்ளறைப் பக்கம் பார்த்தாள். ஷைனியின் போனில் அந்த நீலப் படம் திறந்திருந்தது.

"எங்கயோ தண்ணி கொதிக்குது அண்ணி."

"எனக்குக் கேக்கல," என்று ஷைனி பொய் சொன்னாள்.

சோனியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னிக்கி கல்லற கேட்டாண்ட நீங்க அந்த வார்த்தைய சொல்லிருக்கக் கூடாது."

ஷைனிக்கு அது மறக்கவில்லை. உடம்பு முழுக்கக் கவசம் மாட்டிய நாலு பேர் அவனைக் கயிறு கட்டி இறக்கினார்கள். குடும்பத்துக்காரர்கள் கேட்டுக்கு வெளியே. பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரித்தது. பதினாலு வருஷமாக ஒவ்வொரு ஷிப்டுக்கும் வாசலில் நின்று சொன்ன வாய், அன்றும் தானாகச் சொல்லிவிட்டது: "போய்ட்டு வாங்க."

உயிரோடு இருப்பவனை வெறுமனே 'போங்க' என்று அனுப்புவது தப்பு, வீட்டில் விடமாட்டார்கள். செத்தவனை 'வாங்க' என்பது அதைவிடத் தப்பு. சாவு வீட்டுக்கு வந்தவர்கள்கூட 'வரேன்' என்று சொல்லாமல் நைசாக நழுவிவிடுவார்கள், எதுவும் அதைக் கேட்டுக்கொண்டு பின்னால் வரக் கூடாது என்று. இவள் குழிக்குள் இறங்குகிறவனைப் பார்த்து, திரும்பி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"போடி பைத்தியம்," என்று சோனியாவை அனுப்பி வைத்தாள். சோனியா செருப்பை மாட்டிக்கொண்டு, போய்ட்டு வரேன் என்று சொல்லாமலே போனாள்.

குழம்பு ஆறியது. ஷைனிக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. திருவள்ளூரில் டிராவல்ஸ் நடத்துகிற துளசிராமனுக்கு வீடியோ கால் போட்டாள். தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"சொல்லுங்க மேடம். மாலத்தீவா, சுவிஸ்ஸா? மாலத்தீவுன்னா டெஸ்ட்கூட கேக்கறதில்ல இப்ப. ஆனா ஒண்ணு, எல்லாமே ஜோடிப் பேக்கேஜ்தான். ஒரு ஆளு போனாலும் ரெண்டு ஆளுன்னுதான் ரூம் போடுவாங்க."

அது அவளுக்கும் தெரிந்ததுதான். எந்தப் படத்தைத் திறந்தாலும் இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி டம்ளர், கட்டிலுக்குக் கீழே இரண்டு ஜோடிச் செருப்பு. தனி ஆளுக்கு இந்த உலகத்தில் சொகுசே கிடையாது போலிருக்கிறது.

"ரெண்டு ஆளுன்னே போடுங்க. நான் ஒருத்திதான் வருவேன்."

துளசிராமன் சிரித்தான். "இன்னா மேடம், சாரை வச்சிக்கினே இப்பிடிச் சொல்றீங்க?"

"எந்த சாரு?"

"பின்னாடி கட்டில்ல உக்காந்துனு இருக்காரே. உடம்பு சரியில்லியா மேடம்? தலையோட போர்த்திக்கினு இருக்காரு."

ஷைனி திரும்பவில்லை. போனின் மூலையில் தெரிந்த தன் சின்ன முகத்தையும் பார்க்கவில்லை. பிளீச்சிங் பவுடர் நெடி முதலில் வந்தது. பிறகு பிளாஸ்டிக் சரசரத்தது, யாரோ சாய்ந்து உட்காருவது போல. பிறகு பிடரியில், ரொம்ப அருகில்.

குபு. குபு. குபு.

ஓடிவிடலாம், வாசல் எட்டும் தூரம்தான். ஆனால் ஓடினால் எங்கே நிற்பது? அக்கா வீட்டிலா? சாயந்திர ரயிலில் வந்து இறங்குவானே. அந்த நினைப்பு வந்ததும் பயத்துக்குள்ளிருந்து கோபம் கிளம்பியது. இவ்வளவு கோபம் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது.

"துளசிராமன்," என்றாள். குரல் உடையவில்லை. "தண்ணி மேல இருக்கற ஊடே போடுங்க. கண்ணாடித் தரை போட்டது இருக்குல்ல, அதான். இப்பவே போடுங்க."

"சாரை ஒரு வார்த்த..."

"அவரக் கேக்க வேணாம்."

அழைப்பைத் துண்டித்தாள். எழுந்தாள், திரும்பினாள். கட்டில் காலி. ஆனால் மெத்தையில் ஒருவர் உட்கார்ந்த குழி இருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் ஆழமானது.

"பதினாலு வருசம்," என்றாள் ஷைனி. "போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் தேஞ்சிச்சி. போதும். நான் எங்க போனாலும் நீ வரக் கூடாது. உன்ன நான் கூப்புடல."

மூச்சை இழுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத வார்த்தையை, 'ங்க' இல்லாமல், 'வா' இல்லாமல் சொன்னாள்.

"போ."

குபுகுபு நின்றது. மெத்தைக் குழி மெதுவாக நிரம்பி மேலே வந்தது. வாசல் கதவு தானாகத் திறந்து, தானாகச் சாத்திக்கொண்டது. தெருவில் நாய் ஒன்று ஒருமுறை குரைத்து, பிறகு அதுவும் அடங்கியது. ஷைனி கீழே உட்கார்ந்து குழம்பை ஊற்றிக்கொண்டு ஒரு தட்டுச் சோறும் தின்றாள். ஆறிப்போன கருவாட்டுக் குழம்பு அவ்வளவு ருசியாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. மாலத்தீவுப் படங்களை வேண்டுமென்றே திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாள். கிளம்புகிற அன்று சோனியா வழியனுப்ப வந்தாள். ஷைனி வீட்டைப் பூட்டினாள், 'வரேன்' என்ற வார்த்தையைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டாள், எதுவும் பேசாமல் காரில் ஏறினாள். கும்மிடிப்பூண்டிச் சாலையின் லாரிகளுக்கு நடுவே போகும்போது திரும்பிப் பார்த்தாள். பைக் எதுவும் பின்னால் வரவில்லை. சத்தமாகச் சிரித்ததில் டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

மாலத்தீவில் அந்த வீடு படத்தில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. மரப்பாலத்தில் நடந்து போய்க் கதவைத் திறந்தால் எதிரே வெறும் கடல். கட்டில் ஓரத்தில் தரையே கண்ணாடி, கீழே பச்சைத் தண்ணீரில் மஞ்சள் மீன்கள். ஷைனி செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி மேல் நின்றாள். இரண்டாவது ஜோடிச் செருப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இரண்டாவது நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். பிறகு கடலைப் பார்த்து நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக விடுவது போலிருந்தது. அழுகை வந்தது, அழுதாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இருட்டியதும் வீட்டுக்கு அடியில் தானாக விளக்கு எரிந்தது. வெளிச்சத்துக்கு மீன்கள் கூட்டமாக வரும் என்று ஓட்டல்காரப் பெண் சொல்லியிருந்தாள். ஷைனி ஜூஸ் டம்ளரோடு கண்ணாடி மேல் வந்து நின்று குனிந்து பார்த்தாள்.

மீன் ஒன்றுகூட இல்லை.

ஒரு குமிழி கீழிருந்து வந்து கண்ணாடியில் முட்டி உடைந்தது. இன்னொன்று. பிறகு சரம் சரமாக.

குபு. குபுகுபு.

மரக்காலின் நிழலுக்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ நகர்ந்தது. நீளமாக. மெதுவாக. மல்லாந்து. வெளிச்சத்துக்கு வந்தது. கால் பக்கத்திலிருந்து தலை வரை ஜிப். தண்ணீருக்கு அடியிலிருந்து பிளீச்சிங் நெடி.

மிரட்டுகிறான் என்று நினைத்திருந்தாள். இல்லை. அவனுக்கும் இந்த வீடுதான் பிடித்திருக்கிறது. போ என்றாள். போனான். எங்கே என்று அவள்தான் துளசிராமனிடம் அவன் காதுபடச் சொன்னாளே.

முகம் இருந்த இடம் கண்ணாடிக்கு அடியில் வந்து ஒட்டியது. அவள் காலுக்கு நேர் கீழே. பிளாஸ்டிக் உள்ளே இழுத்தது. உப்பியது. இழுத்தது. அதற்குள் உதடு கூடி, அகலத் திறந்தது. ஒரே ஓர் எழுத்து. திரும்பத் திரும்ப.

வா.

கால் நகரவில்லை. அவள்தான் நகர்த்தவில்லை.

"வர மாட்டேன்," என்றாள் ஷைனி. "எவ்ளோ நேரம் கூப்புடுவியோ கூப்புடு."

குதிகாலை இன்னும் அழுத்தி ஊன்றினாள். அதற்கு அடியில், கண்ணாடியின் அந்தப் பக்கம், ஆவி படிந்தது. மறைந்தது. படிந்தது.